அழகையாவின் காய்ச்சல்

"நூத்தி மூணு, ஸிஸ்டர்" என்றாள் ஹம்ஸியா.

சொல்லிவிட்டு, பழக்கப்படியே தெர்மாமீட்டரை உதறி ஸ்பிரிட் போத்தலுக்குள் போட்டாள்.

குணமணி ஸிஸ்டர் கட்டிலைப் பார்த்தார். நூற்றி மூன்று டிகிரி காய்ச்சல்காரரான அழகையா, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, மத்தியானத்துக்குக் கருவாட்டுக் குழம்பு உண்டா என்று பக்கத்துக் கட்டிலில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"வாயில வைக்க முதல் கேட்டனீரோ, சூடா ஏதும் குடிச்சவரோ எண்டு?"

"கேட்டேன் ஸிஸ்டர். இல்லன்னு தலையாட்டினாரு."

ஸிஸ்டர் வேறொரு தெர்மாமீட்டரை எடுத்து அழகையாவின் கக்கத்தில் வைத்தார். பொறுத்திருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

போன கிழமைப் பரீட்சையிலும் இதே கட்டில், இதே பிழை. பதுளையிலிருந்து இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் கெட்டிக்காரி இவள்தான். மற்றவர்கள் "எப்படி இருக்கு?" என்று நடந்துகொண்டே கேட்பார்கள். இவள் நின்று, பதில் வரும்வரை காத்திருப்பாள். சொந்த ஊரான மடுல்சீமையிலிருந்து அழகையாவைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்பதும் இவளுக்குத்தான் தெரியும்.

தேறியவர்கள் திங்கட்கிழமை பிரசவ வாட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு தரம் தவறியவர்களுக்குப் பயிற்சி அதோடு சரி; வீட்டுக்குத்தான். ஹம்ஸியாவின் வாப்பா புஹாரி, பண்டாரவளை ஜவுளிக்கடைக்காரர், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு, அவள் எப்போது தவறுவாள் என்று காத்திருந்தார்.

"ரெண்டாந்தரமும் பிழைச்சுப் போனீர், பிள்ளை" என்றார் ஸிஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. வாப்பாவுக்கு அறிவிக்கிறன். பெட்டியைக் கட்டும்."

ஹம்ஸியா அழவில்லை. அழகையாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "கால் வலி எப்படி இருக்குங்க, ஐயா?" என்று கேட்டு, வழக்கம்போல நின்றாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

அழகையா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு தலையணைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு தகரக் கோப்பையை எடுத்து ஸிஸ்டரிடம் நீட்டினார். அடியில் கொஞ்சம் சாயத்தண்ணி, பாலில்லாத தேநீர். கோப்பை இன்னும் சுட்டது.

"அந்தப் புள்ள மேல பிழையில்லைங்க, பெரிய மிஸ்ஸி. இத வாயில வச்சிருந்தேன். போன வாரமும் இப்படித்தான்."

ஸிஸ்டர் வாசலுக்குப் போய் ஹம்ஸியாவைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவள் உமக்கு என்ன கெடுதல் செய்தவள்? ஏன் அந்தப் பிள்ளையை விழுத்தப் பார்த்தனீர்?"

அழகையா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெயிலானா மறுபடியும் இந்த வாட்டுலயே போடுவீங்கன்னுல்ல நெனச்சேன்."