நிழலில் நின்ற வண்டி

காட்டுக்குள் மரநிழலில் வீடுபோல் வசதி செய்த ஒரு சுற்றுலா வண்டி நின்றது. உள்ளே எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். இலைகளின் பச்சை வெளிச்சம் சுவரில் மிதந்தது.

"பேட்டரி அக்கா, மூச்சு வாங்குதே?" என்றது ஃபேன்.

"ஒண்ணுமில்லடா, நீ சுத்து."

"ரெண்டு நாளா இதையேதான் சொல்றே," என்றது ஃபிரிட்ஜ். "கூரையில சோலார் தகடு வெயிலில்லாம பட்டினி கிடக்கு. நீயும் படுத்துட்டா, எனக்குள்ள இருக்கிற பாப்பாவோட மருந்து கெட்டுடும்."

"தாங்குவேன்," என்றது பேட்டரி. குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அதைக் கேட்ட ஃபேன், வேண்டுமென்றே சுற்றுவதை நிறுத்திக்கொண்டது.

வியர்த்து விழித்தவர்கள் அதைத் திட்டினார்கள், தட்டினார்கள். பிறகுதான் பேட்டரியில் சார்ஜ் தீரப்போவதைப் பார்த்துப் பதறி, வண்டியை வெயிலுக்கு நகர்த்தினார்கள்.

மெல்லத் தெளிந்த பேட்டரி கவலையோடு கேட்டது: "ஏன் தம்பி நின்னுட்டே? நான் தந்தது பத்தலையா?"