காற்றடிக்கும் மருமகன்

"எந்திரி கிஷன். ஸ்ரீகரன் வர்ற நேரம். இந்தக் கோலத்துல உன்னைப் பார்த்தா என்ன நினைப்பான்?"

பினாங்கில், ஜெலுத்தோங் வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான் மருமகன். கையெல்லாம் கறுப்பு. பார்க்கப் பார்க்கப் புஷ்பராணிக்கு எரிச்சலாக வந்தது. அவள் காரில் இரண்டு நாளாக, டயரில் காற்று குறைந்தால் எரிகிற எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே கடை விரிக்க வேண்டுமா?

ஒவ்வொரு டயருக்குள்ளும் காற்றை அளக்கிற சென்சர் ஒன்று இருக்கிறது, நாலையும் புதிதாகப் போடப்போகிறேன் என்று விளக்கம் சொன்னான். கறுப்பாகக் கட்டைவிரல் அளவில் நாலு சாமான் டப்பாவில் கிடந்தன.

"போன வருஷம் ஸ்ரீகரன்தானே நாலையும் புதுசா மாத்திக் கொடுத்தான்? அவன்கிட்டயே விட்டா என்ன?"

"வேணாம் அத்தை. நானே செஞ்சிடறேன்."

அத்தையாம். யாழ்ப்பாண வழக்கப்படி 'மாமி' என்று கூப்பிடச் சொல்லி மூன்று வருஷமாகிறது, இன்னும் அவன் வாயில் வரவில்லை. பைராம் தோட்டத்துக் கூலிக்காரர் வீட்டுப் பையனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, மூன்று தலைமுறையாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த குடும்பம் புஷ்பராணியுடையது. மகள் பிரியந்தி இவனைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். கல்யாணத்தோடு அண்ணன், தங்கை, சித்தப்பா வீடு என்று எல்லோரும் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் மகன் ஸ்ரீகரன் ஒருவன்தான் மாதம் ஒரு தடவை வந்து, வாய் நிறைய 'மாமி' என்று கூப்பிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். அவனும் வராவிட்டால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு யாரும் இல்லை.

இந்த மருமகனோ விடிந்தால் போதும், கால் பம்பைத் தூக்கிக்கொண்டு அவள் காரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவான். விளக்கே எரியாத காருக்குத் தினமும் எதற்குக் காற்று என்று போன மாதம் பக்கத்து வீட்டு சுஹானாகூடக் கேட்டுவிட்டாள். தோட்டத்தில் லோரிக்குக் காற்றடித்த கை, சும்மா இருக்காது என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தாள் புஷ்பராணி. மானம் போகிறது.

ஸ்ரீகரன் வந்தான். சிம்பாங் அம்பாட்டில் சொந்தமாக வர்க்‌ஷாப் வைத்திருந்தும் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. அதுதான் வளர்ப்பு. ஆனால் தரையில் கிடந்த சக்கரத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பின்னால எதையும் திறந்து பார்த்தியா தம்பி?"

கிஷன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான்.

"இல்லண்ணே. வேற வேலை செய்யும்போது சென்சரை நான்தான் தட்டி உடைச்சிட்டேன். அதான் புதுசு போடறேன்."

புஷ்பராணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் வாயைத் திறந்தானா பாருங்கள். தொட்டதையெல்லாம் கெடுக்கிற கை என்று வாசலிலேயே நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஸ்ரீகரனின் முகத்தில் போன களை திரும்பி வந்தது.

"எலக்ட்ரானிக் சாமான் மாமி. தெரியாதவங்க கை வைக்கக்கூடாது லா."

நண்டுக்கறியோடு அந்த உபதேசம் மேலும் நீண்டது. இந்தக் காலத்தில் வர்க்‌ஷாப்காரர்களில் பாதிப்பேர் ஏமாற்றுக்காரர்கள், நாணயமாகத் தொழில் செய்பவனுக்கு மதிப்பில்லை என்று நண்டுக் காலை உறிஞ்சியபடியே வருத்தப்பட்டான். புஷ்பராணி இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள். விருந்தாளி போனபிறகு சாப்பிட்டால் போதும் என்று கிஷனுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

ஸ்ரீகரன் கிளம்பிப் போனதும் நண்டு ஓட்டைக் கொட்டப் பின்பக்கக் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பைப் கிடந்தது. இரண்டு முனையும் அடைத்து, ஒரு முனையில் டயருக்குக் காற்றடிக்கிற வால்வு வைத்திருந்தது. யாரோ அதை நடுவில் அறுத்திருந்தார்கள். உள்ளே கட்டைவிரல் அளவில் நாலு கறுப்புச் சாமான்.

பைப்பின் மேல் ஸ்ரீகரன் வர்க்‌ஷாப் ஸ்டிக்கர். வேலை முடிந்த எந்தச் சாமானிலும் பழக்கத்தில் ஒட்டிவிடுகிற அதே ஸ்டிக்கர். போன வருஷத் தேதி போட்டிருந்தது.

முப்பது வருஷம் கோப்பு பார்த்த கண்ணுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டயரைக் கழற்றிப் பூட்டுகிற வேலைக்குச் சோம்பி, டயருக்குள் வைக்க வேண்டியவற்றை ஸ்ரீகரன் பைப்புக்குள் அடைத்துவிட்டிருக்கிறான். பைப்பில் காற்று இருக்கும்வரை விளக்கு எரியாது, டயரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு நாள் முன்புதான் பைப்பில் காற்று இறங்கியிருக்க வேண்டும். ஒரு வருஷமாக அந்தக் காரில்தான் பினாங்குப் பாலத்தில் போய்வந்துகொண்டிருந்தாள்.

பைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கிஷன் இன்னும் சாப்பிடவில்லை. கடைசிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான்.

"இது எங்க இருந்துச்சு?"

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் மாறியது.

"ஸ்பேர் டயருக்கு அடியில, அத்தை."

"எப்ப பார்த்த?"

"போன வருஷம். ஒரு நாள் காலையில ஆணி குத்தி டயர் சப்பிக் கிடந்துச்சு. ஆனா விளக்கு எரியல. அன்னிக்குத்தான் தேடிப் பார்த்தேன்."

"தெரிஞ்சேதான் தினமும் காத்தடிச்சியா?" பைப்பை அவன் முன்னால் நீட்டினாள். "ஏன் என்கிட்ட சொல்லல? இன்னிக்கு அவ்வளவு ஏசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

கிஷன் நட்டை முடுக்கிவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கினான்.

"என்னாலதான் உங்க ஆளுங்க எல்லாரும் வர்றத நிறுத்திட்டாங்க. ஸ்ரீகரன் அண்ணன் ஒருத்தராச்சும் உங்களைப் பார்க்க வரட்டுமேன்னுதான், அத்தை."