கீப்பரின் வலது கை

டீக்கடையில் செலஸ்டின் வாயைத் திறந்தால் கூட்டம் கூடும். உதைத்த கால்பந்து காற்றில் ஏன் வளைகிறது என்று விஞ்ஞானம் பேசுவான். கட்சிக்காரன் நுழைந்தால் அணி உருப்படாது என்பான். "கவுன்சிலர் சிபாரிசுல வந்த கீப்பர். அவன் கைய ஒடிச்சாத்தான் நம்ம டீம் தேறும்," என்று அன்று காலையும் சொன்னான்.

மாலை இறுதியாட்டத்தில் அணி தோற்றது. மைதானத்துக்குப் பின்னால் டீக்கடைப் பையன்கள் கீப்பர் இருதயராஜைக் கீழே அமுக்கி, வலது கையைச் செங்கல்மேல் இழுத்து வைத்திருந்தார்கள். செலஸ்டின் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தான்.

"விடுங்கடா, பேச்சுக்குச் சொன்னேன்டா."

"நீ சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்," என்றான் கம்பி வைத்திருந்தவன், மரியாதையாகவே. செலஸ்டினை ஓரமாக நகர்த்திவிட்டு அடித்தார்கள். எலும்பு முறிந்தது.

செலஸ்டின் தூக்கிவிடக் குனிந்தான். இருதயராஜ் இடது கையை ஊன்றி, கம்பிக்காரனின் கால்பக்கமாகவே ஊர்ந்து செலஸ்டினிடமிருந்து விலகினான்.