புது ரப்பர்

"வைப்பருக்குப் புது ரப்பர்னு சொல்லித்தானே மாட்டின? சாயங்காலமே கத்த ஆரம்பிச்சிடுச்சு."

காரை விட்டு இறங்கும்போதே சண்டையோடுதான் இறங்கினார் பஸ்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தெருவில் அவருக்கு இன்னும் அந்தப் பெயர்தான். தலை நரைக்கும் வரை பஸ் ஓட்டி, வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் சாவியை ஒப்படைத்தவர்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வைப்பரைத் தூக்கிப் பார்த்தான். ரப்பரின் ஓரம் பிசிறு பிசிறாகக் கிழிந்து கிடந்தது.

"அதுக்குள்ள எப்படிங்கய்யா இப்படித் தேஞ்சுது?"

"அதைத்தான் நான் உன்னைக் கேட்கிறேன்."

மெக்கானிக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினான். வைப்பர் கம்பியைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்து, இன்னொரு ரப்பரை மாட்டினான். ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி ஓட விட்டான். வைப்பர் பூனை மாதிரி சத்தமில்லாமல் போய் வந்தது.

"பாருங்க, மூச்சு விடலை. காஞ்ச கண்ணாடியில போட்டாத்தான் இது கத்தும். ரப்பரும் பாழாப் போகும். தண்ணி இருக்கும்போது மட்டும் போடுங்கய்யா."

பஸ்காரருக்குச் சுருக்கென்றது. எத்தனை மழையில், எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார். அவருக்கே வைப்பரை எப்போது போடுவது என்று பாடம் எடுக்கிறான். "வேலையில கோட்டை விட்டுட்டு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்" என்று முணுமுணுத்தபடி வண்டியைக் கிளப்பினார்.

வேறொரு நாளாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பார். இன்று மகளும், பிறந்த பேத்தியும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள்.

மருமகன் வாடகைக் கார் பிடிப்பதாகத்தான் இருந்தான். "மாமா தெருமுனையில வரும்போதே வைப்பர் சத்தம் மாடிக்குக் கேட்குது. குழந்தை பயந்துடும்" என்று அவன் சொன்னதை இவரே காதால் கேட்டார். மகள்தான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்பா ஓட்டினாத்தான் எனக்குப் பயமே இருக்காது. அந்தச் சத்தத்தை மட்டும் சரி பண்ணிடுங்கப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இன்றைக்கு வண்டி கத்திவிட்டால், மருமகன் பேத்தியை இனி இந்த வண்டியில் ஏற்ற விடமாட்டான். ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டால், பேத்திக்கு இவர் எதற்கு?

ஆஸ்பத்திரி வாசலில் மகள் குழந்தையோடு பின் சீட்டில் மெல்ல உட்கார்ந்தாள். மருமகன் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே பைக்கில் போய்விட்டான். துணிச் சுருளுக்குள் குழந்தை அசந்து தூங்கியது.

"அப்படியே உங்க மூக்குப்பா. பார்த்தீங்களா?"

பஸ்காரர் குனிந்து பார்த்தார். மூக்கும் முழியும் சரியாகப் பிடிபடவில்லை. பிறந்த குழந்தையின் முகம் யாருக்குத்தான் உடனே பிடிபடுகிறது.

"பின்னே, என் பேத்திக்கு வேற யார் மூக்கு வரும்?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஆஸ்பத்திரித் தெருவைத் தாண்டும் வரை ஒரு தொல்லையும் இல்லை. பள்ளம் மேடு தெரியாமல், பால் குடத்தைக் கொண்டுபோவது போல ஓட்டினார். மனசுக்குள் பெருமை தாங்கவில்லை. மருமகன் வந்து பார்க்கட்டும்.

பெரிய சாலையில் திரும்பியதும் எதிரே எல்லாம் வெளிறிப்போயிற்று. முன்னால் போகிற லாரி வெறும் நிழலாகத்தான் தெரிந்தது. கை தானாக வைப்பர் பிடிக்குப் போய், அங்கேயே தயங்கி நின்றது. போட்டால் எங்கே கத்தித் தொலைக்குமோ என்று பயம். போடாவிட்டாலோ சாலை தெரியவில்லை.

போட்டார்.

'கிரீச்' என்றது. மறுபடியும், இன்னும் நீளமாக, 'கிரீச்ச்' என்றது. குழந்தை வீறிட்டு அழுதது.

பஸ்காரர் மெக்கானிக்கை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினார். இத்தனை பாடுபட்டும் கடைசியில் மானத்தை வாங்கிவிட்டதே என்று அழுகையே வந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. தூறல் விட்டதும் நிறுத்திடறேன். மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதே."

வைப்பர் கிரீச்சிட்டபடி போய் வந்துகொண்டே இருந்தது. எதிரே தெளிகிற வழியாக இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தார்.

மகளின் கை அவர் தோளில் வந்து விழுந்தது.

"மெதுவா ஓரமா நிறுத்துங்கப்பா. வெளியில நல்லா வெயில் அடிக்குது."