ஐயாயிரம் கார் வித்தியாசம்

பேப்பரை மடிக்காமலேயே உள்ளே வந்தார் எதிர்வீட்டுக்காரர்.

"பாத்தீங்களா? போன வருஷம் வித்த கார்லயும் நாங்கதான் உலகத்துல முதல். தயாரிச்ச கார்லயும் நாங்கதான்."

அவரும் இந்த வீட்டுப் பெரியவரும் இரண்டு போட்டிக் கார் கம்பெனிகளில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். இன்னமும் 'நாங்க', 'நீங்க'தான். விற்பனையில் தோற்ற வருஷங்களில்கூட, "தயாரிப்புல எங்களை அடிச்சுக்க ஆளில்ல" என்று மார்தட்டுவார் பெரியவர். இந்த முறை அதுவும் போச்சு.

"தயாரிப்புல வெறும் ஐயாயிரம் கார்தானே வித்தியாசம்," என்று முனகினார். "டிசம்பர்ல எவனோ ஒரு புத்திசாலி, பிரேக் சரியில்லைன்னு எங்க தயாரிப்பு லைனையே மூணு நாள் நிறுத்திட்டான். இல்லேன்னா ஆறாயிரம் கார் கூட வந்திருக்கும். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"அது நான்தான் மாமா."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்து அதே கம்பெனியில் சேர்ந்தவள். ஆறு மாதம்தான் ஆகிறது.

"நீங்க திட்டுறதைக் கேட்டு, சொல்லப் பயமா இருந்துச்சு. பத்துல ஒரு வண்டிக்கு பிரேக் பிடிக்கல. மேனேஜர் வேண்டாம்னுதான் சொன்னார். நான் சுவிட்சை அமுக்கிட்டேன்."

எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "உங்களைக் கவுத்தது உங்க வீட்டு ஆளேதானா?"

மாமனார் மருமகளையே பார்த்தார். பிறகு எழுந்து, பேப்பரை வாங்கி நான்காக மடித்து எதிர்வீட்டுக்காரர் கையிலேயே திணித்தார்.

"ஆமா, எங்க வீட்டுப் பொண்ணுதான். மேனேஜர் வேண்டாம்னு சொல்லியும் லைனை நிறுத்துற ஆளு உங்க கம்பெனியில எத்தனை பேர்? அந்தக் கணக்கு இதுல போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."