காரை உதிர்ந்த இடம்

கலை வரலாற்று வகுப்பில் பேராசிரியர் ஒரு பழைய கோயில் சுவரோவியத்தைத் திரையில் காட்டினார். அதில் ஒரு பெண் சற்றே குனிந்து கையை நீட்டியிருந்தாள். அவளுக்கு எதிரே காரை உதிர்ந்து வெறும் கல் தெரிந்தது.

"யாரைத் தொடப் போறா?" என்று கேட்டார்.

மான், கிளி, காதலன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பேச்சு வருமுன்பே தாயை இழந்த ஜெபமலர் மட்டும் அந்த நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுமாதம் அந்தக் கோயிலுக்கே அழைத்துப் போனார்கள். எல்லோரும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்ததும், அவள் காரை உதிர்ந்த இடத்தை ஒட்டி நின்று, கண்களை மூடி, அந்த விரல்களின் பக்கமாகக் கன்னத்தைச் சாய்த்தாள்.

"ஏம்மா, ஓவியத்துல படப்போகுது, தள்ளி வா!" என்று காவலர் அதட்டினார்.

ஜெபமலர் கண்களைத் திறக்கவில்லை.

"இன்னும் படலைண்ணே," என்றாள்.