பதினொரு பூசணிக்காய்

மச்சான் புல்வெட்டும் இயந்திரத்தோடு வந்து நின்றார். நான் செடிகளுக்கு முன்னால் மலைபோல நின்றேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுவாகக் கிடக்கும் ஆறடி நிலத்தில் நான் காட்டுப்பூச்செடி வளர்க்கிறேன்.

இந்த மண்ணிலேயே பிறந்த ஜாதி. ஒருமுறை பிடித்துக்கொண்டால் கொள்ளுப்பேரன் காலம்வரை ஆண்டுதோறும் தானாகத் துளிர்க்கும். வேர் பாதாளத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் உலகத்தின் மறுபக்கத்து ஆட்கள் புகார் கொடுப்பார்கள்.

மச்சானுக்கு அது களை.

நான் பூச்சிக்குப் பந்தி போடுகிறேன் என்று உறவு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவருடைய பூசணிக்கொடியிலோ மூன்று வருடமாகப் பூவெல்லாம் காயாகாமல் உதிர்ந்துகொண்டிருந்தது.

தேனீ வராத குறை என்றேன். என் செடி வரவழைக்கும் என்று மீசையை முறுக்கினேன். இந்தப் பருவத்திலும் பூசணி காய்க்காவிட்டால் உங்கள் செடி அத்தனையையும் வெட்டிவிடுவேன் என்றார் அவர். வாய்க்கொழுப்பில் நானும் சரி என்றுவிட்டேன்.

இன்று கெடு.

மச்சான் கொடியை விலக்கி விலக்கி எண்ணினார். பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு யானைக்குட்டி.

மனிதர் லேசில் விடுகிறவரா?

"ஆமா மாப்ளே, உங்க செடியில ஒரு பூவக்கூட நான் பார்த்ததில்லையே?"

"எட்டு மணிக்கு எந்திரிக்கிற ஆளுக்காகப் பூ காத்துக்கிட்டு இருக்குமா மச்சான்? விடியும்போது விரிஞ்சு, வேலைய முடிச்சு, நீங்க பல்லு வெளக்குறதுக்குள்ள கதவச் சாத்திடும்."

மச்சான் தலையைச் சொறிந்தார். இயந்திரத்தை உருட்டிக்கொண்டு திரும்பினார். போகிறபோது, சாய்ந்து கிடந்த என் செடி ஒன்றை நிமிர்த்தி, பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டிவிட்டும் போனார்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. பூசணிப்பூ அப்படித்தான்.

என் செடிக்கு விதை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அதன் முதல் பூ அடுத்த வருடம்தான் வரும்.

அதுவரை தினமும் விடியற்காலையில், மச்சானின் குறட்டை கேட்கும் தூரத்தில், ஆண்பூவுக்கும் பெண்பூவுக்கும் நடுவே சின்னத் தூரிகையோடு தவழ்கிற தேனீக்கு வயது அறுபத்தெட்டு.